மூரா முதல் சலேர் வரை எதிர்காற்று

1

எங்கள் வீட்டில் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிற ஆள் நான் ஒருவன்தான். என் மனைவி கௌரி ரொறன்ரோவுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. இவ்வளவு காலத்தில் அவள் தமிழில் விரும்பி வாசித்தது கோயில் நோட்டீசும் அஜின்கோர்ட் கடைக்காரர்களின் மரக்கறி விளம்பரமும்தான். மகள் அபிக்குப் பதினொரு வயது. அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்தைக் கண்டால் தலையிடி வரும். ஆகவே வீட்டுக்குள் எனக்குப் பயமில்லை. ஆபத்து கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறது. அங்கே வசிக்கும் கௌரியின் அக்கா, எங்கள் ஆட்கள் எந்தப் பத்திரிகையில் எதை எழுதினாலும் அதைக் கத்தரித்து, நாலாக மடித்து, தங்கச்சிக்கு வான்தபாலில் அனுப்புகிற பழக்கம் உள்ளவர். மச்சாள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், இந்தப் பக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

விஷயம் இதுதான். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் பிரான்சின் நாட்டுப்புறத் தெருக்களில் சைக்கிள் ஓடித் திரிந்தவன். மூரா என்ற ஊரில் விடியப் புறப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சலேர் என்ற ஊரைப் பிடித்தவன். வழியில் சிவப்பு மாடுகளைக் கண்டவன், ஆற்றோரத்தில் பாணும் பாற்கட்டியும் சாப்பிட்டவன். இவையெல்லாம், அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்த கௌரிக்கு நான் எழுதிய முப்பத்தொரு கடிதங்களில் விபரமாக உண்டு.

அதில் ஒரு மைல்கூட நான் ஓடியதில்லை.

2

எண்பத்து மூன்று கடைசியில் நான் பாரிசுக்கு வந்து சேர்ந்தேன். ஓர் அறையில் எட்டுப் பேர். வேலை, ஒரு சாப்பாட்டுக்கடையின் நிலக்கீழ்ச் சமையலறையில் கோப்பை கழுவுவது. கையில் விசா இல்லை. பொலிசைக் கண்டால் அடுத்த தெருவால் நழுவிவிடுவேன். அறையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து அறைக்கு. அதற்கு அப்பால் பிரான்ஸ் என்று ஒரு நாடு இருந்தது எனக்குக் கேள்வி ஞானம்தான்.

அந்த நேரம் பார்த்து ஊரில் எனக்குக் கலியாணப் பேச்சுக்கால் முற்றாகி, கௌரி எனக்கு முதல் கடிதம் எழுதினாள். 'நீங்கள் நாள்தோறும் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்' என்று அதில் ஒரு வரி. பின்னேரங்களில் தான் வீணை சாதகம் செய்வதாக இன்னொரு வரி. அந்தப் பக்கம் வீணை, இந்தப் பக்கம் எண்ணெய்ச்சட்டி. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெட்கத்தில் இரண்டு கிழமை பதில் எழுதவில்லை.

கடை முதலாளி ஓவேர்ன் என்ற பகுதியைச் சேர்ந்தவர். பிரான்சின் நடுவில் இருக்கும் நாட்டுப்புறம் அது. மனுசன் சைக்கிள் பைத்தியம். தன் ஊர்த் தெருப்படம் ஒன்றைச் சமையலறைச் சுவரில், சரியாக நான் கழுவுகிற தொட்டிக்கு மேலே, ஒட்டி வைத்திருந்தார். தான் ஓடிய பாதைகளைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நாளுக்குப் பத்து மணித்தியாலம் அந்தப் படத்துக்கு எதிரே நின்றால் எந்த மொக்கனுக்கும் பாடமாகிவிடும். மூன்றாம் கிழமை நான் எழுதத் தொடங்கினேன். 'அன்புள்ள கௌரிக்கு, நேற்று மூராவில் இருந்து சைக்கிளில் புறப்பட்டேன்...'

அந்தப் படத்தில் சில தெருக்களின் மேல் சின்ன அம்புக்குறிகள் இருந்தன. சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் இரண்டு, சலேருக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் மூன்று. இது என்னவாக இருக்கும் என்று நான் அதிகம் மூளையைக் கசக்கவில்லை. நான் வேலணையான். தீவுப்பகுதியில் சைக்கிள் ஓடிப் பழகியவனுக்குத் தெருவில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அது காற்று. தென்மேற்குச் சோளகம் பெயர்ந்துவிட்டால், கடலுக்கு நடுவே போகும் பண்ணைத் தெருவில் எப்பேர்ப்பட்ட சூரனும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். எங்கள் ஊரில் ஏற்றம் என்று சொல்லக்கூடியது மதகு ஒன்றுதான். ஆகவே அம்புக்குறி காற்று. ஒன்றென்றால் சிறு காற்று, இரண்டென்றால் பெருங்காற்று, மூன்றென்றால் சொல்லி வேலையில்லை. சைக்கிள்காரருக்கு இவ்வளவு உதவியாகப் படம் போடுகிறார்களே என்று பிரெஞ்சுக்காரர்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

அந்த மூன்று அம்புக்குறி இடத்தைப் பற்றி ஒரு முழுக் கடிதம் எழுதியிருக்கிறேன். கியர் இல்லாத சைக்கிளின் பின் கரியரில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கட்டிக்கொண்டு போனேனாம். மாடுகள்கூடச் சரிந்து நின்றனவாம், அப்படியொரு காற்றாம்.

3

பிறகு நான் கனடாவுக்கு வந்து, கௌரியை ஸ்பொன்சர் செய்தேன். கொழும்பில் நேர்முகத்துக்குப் போனபோது விசா அதிகாரி, உங்கள் உறவு உண்மையானது என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் பிஸ்கட் தகரத்தைத் திறந்து முப்பத்தொரு கடிதங்களையும் மேசையில் வைத்துவிட்டாள். அதில் நாலைந்தை மொழிபெயர்ப்பித்து, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தார்களாம். ஆகக் கனடா அரசாங்கத்தின் ஏதோ ஓர் அலுமாரியில் நான் இன்றைக்கும் சைக்கிள் வீரன்.

மில்லிக்கனில் வீடு வாங்கினோம். நான் பக்கத்து மார்க்கம் நகரில் கம்பியூட்டர்ப் பலகைகளுக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை. கௌரி ஒரு பேக்கரியில் பெட்டி அடைக்கிறாள். நவராத்திரிக்குக் கோயிலில் வீணை வாசிக்கச் சொல்லி யாராவது கேட்டால், குளிரில் விரல் எல்லாம் விறைத்துப் போய்விட்டது என்பாள். வீணையை ஊரில் விட்டுவிட்டு வந்த கவலையாக்கும் என்று நான் அதைக் கிளறுவதில்லை. நான் ஏன் இங்கே சைக்கிள் தொடுவதில்லை என்று அவளும் கேட்பதில்லை. அதற்கு ஒரு வசதியான காரணமும் இருந்தது. எங்கள் ஆட்கள் மத்தியில் நாற்பது தாண்டிய குடும்பஸ்தன் சைக்கிளில் போனால், காருக்கு வழியில்லாமல் போய்விட்டான் என்று கதை பரவும்.

அபி சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர். டாக்குத்தரிடம், வங்கியில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் தாய்க்கு அவள்தான் வாய். இரண்டாம் வகுப்பில் டீச்சர், 'உங்கள் பிள்ளை வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள்' என்று முறையிட்டதை, "நான் வகுப்பில நல்லாக் கதைக்கிறனாம் அம்மா" என்று மாற்றிக் கொடுத்து, அன்று பின்னேரம் ஐஸ்கிரீமும் வாங்கிச் சாப்பிட்டவள். பிறகு கௌரிக்கு ஆங்கிலம் பிடிபட்டது. அபியின் அதிகாரம் போய்விட்டது. அதோடு எங்களோடு கதைப்பதும் குறைந்துவிட்டது. அறைக்கதவு பூட்டியிருக்கும். என்ன கேட்டாலும் 'ஐ டோன்ட் நோ' என்ற மூன்று சொல்தான் பதில். உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பெரிய மனவருத்தம்.

4

இந்த ஒக்டோபரில் அபியின் பிரெஞ்சு டீச்சர் ஒரு செயல்திட்டம் கொடுத்தார். குடும்பத்தில் யாராவது பிரெஞ்சு பேசுகிற நாட்டில் இருந்திருந்தால் அவர்களைப் பற்றி எழுதவேண்டும். கௌரி எழும்பிப்போய்ப் பிஸ்கட் தகரத்தோடு வந்தாள்.

மூன்று கிழமை சாப்பாட்டு மேசையில் தாயும் மகளும் ஒன்றாக இருந்தார்கள். தாய் தமிழில் கடிதம் வாசிப்பாள், மகள் அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பிரெஞ்சில் எழுதுவாள். இடைக்கிடை இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் முன்னறையில் தொலைக்காட்சியைப் பார்க்கிற மாதிரி வியர்த்துக்கொண்டு இருந்தேன்.

"பாத்தியே பிள்ளை, அப்பா என்னமாதிரி ஓடித் திரிஞ்சிருக்கிறார். இஞ்ச எண்டால் பால் வாங்கவும் கார்தான்."

அபி முன்னறை வாசலில் வந்து நின்றாள். "அப்பா, இது எல்லாம் ட்ரூ ஸ்டோரியா?"

அவள் தானாக என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. "எழுத்தில இருக்குதெல்லோ" என்றேன். அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தபோது, செத்தாலும் இனி இதை மாற்றிச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்து நாலாம் நாள் டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது. மடாம் லூசி என்று பெயர், மொன்றியலைச் சேர்ந்தவர். பெற்றோர் மாலையில் நான் வந்து பத்து நிமிடம் பிரெஞ்சில் பேசவேண்டுமாம். அவரும் இளவயதில் மூராவிலிருந்து சலேர் வரை சைக்கிள் ஓடியவராம். இன்னொருவரை ரொறன்ரோவில் சந்திப்போம் என்று கனவிலும் நினைக்கவில்லையாம்.

நான் வேலையைச் சாட்டித் தப்பலாம் என்று, தரமாட்டான் என்ற நம்பிக்கையில் சுப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். பத்து வருடமாக, செத்தவீட்டுக்குக் கேட்டாலும் முகத்தைச் சுளிக்கிற மனுசன், அன்றைக்கு மட்டும் என் முதுகில் தட்டி, குடும்பம்தான் முக்கியம் என்று உடனே லீவு தந்தான். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். எனக்கோ சொன்ன சொல்லைக் கேட்டவர்களால்தான் கேடு.

கால் பழகட்டும் என்று ஒரு பழைய சைக்கிள் வாங்கி, சனிக்கிழமை ஸ்டீல்ஸ் தெருவில் ஓடிப் பார்த்தேன். அரை மைலுக்குள் தெரிந்த ஆட்களின் கார்கள் மூன்று வந்து நின்றன. மூன்றிலிருந்தும் ஒரே கேள்விதான்.

"என்னண்ணை, கார் பிழைச்சுப் போச்சோ? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

மூன்றாவது காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

5

பெற்றோர் மாலைக்குக் கௌரி கூறைச்சேலைக்கு அடுத்த தரத்தில் இருந்த பச்சைப் பட்டை உடுத்திக்கொண்டு வந்தாள். முன்வரிசையில் கமெராவோடு இருந்தாள். நான் கரும்பலகைக்கு முன்னால். பக்கத்தில் அபி, கையில் பெரிய மட்டையில் ஒட்டிய படங்களோடு.

என் பிரெஞ்சு தொட்டியடியில் படித்தது. சட்டி, வெங்காயம், 'கெதியாக', 'நாசமாய்ப் போனவனே' எல்லாம் சுத்தமாக வரும். மிச்சத்தை அபி எழுதித் தந்திருந்தாள். சொல்லக்கூடாது, நன்றாகத்தான் போனது. மாடுகள் சரிந்து நின்ற இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். பெற்றோர் கைதட்டினார்கள். கௌரி எழும்பி நின்று ஒரு படம் எடுத்தாள்.

அப்போது மடாம் லூசி மேசையில் ஒரு படத்தை விரித்தார். அதே தெருப்படம். தொட்டியடி ஈரம் மட்டும் இல்லை.

"இந்த இடத்தில்" என்று அவர் மூன்று அம்புக்குறிகளில் விரலை வைத்தார். "என்னிடம் பதினெட்டுக் கியர் இருந்தது. ஆனாலும் அழுதுவிட்டேன். நீங்கள் கியர் இல்லாத சைக்கிளில், உருளைக்கிழங்கோடு, எப்படி?"

"காற்று நேரத்துக்கு நேரம் மாறும் மடாம்" என்றேன். "நான் போன அன்று மூன்று இல்லை, இரண்டரைதான் இருக்கும்."

"எந்தக் காற்று?"

நான் அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். ஒன்று, சிறு காற்று. இரண்டு, பெருங்காற்று. மூன்று, சோளகம். மடாம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்து, மெல்ல ஒரு பக்கம் உயர்த்தினார். உயர்த்திக்கொண்டே போனார். பைக்குள்ளிருந்து ஒரு பழைய புகைப்படமும் எடுத்து வைத்தார். அதில் இளம் மடாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார். தெரு கூரையில் ஏறுகிற மாதிரிப் போகிறது. கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலேயாம். பின்னால், மலைச்சரிவில், சிவப்பு மாடுகள். உண்மையிலேயே சரிந்துதான் நின்றன.

நான் அந்த மாடுகளைப் பார்த்தேன். நாளுக்குப் பத்து மணித்தியாலம் அந்த மலை என் தலைக்கு நேர் மேலே இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

மடாமுக்கு விளங்கிவிட்டது. அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாயில் வந்தது வேறு. இந்த உண்மையை நான் தமிழில் யாருக்கும் சொன்னதில்லை, ஆங்கிலத்திலும் சொன்னதில்லை. பிரெஞ்சில் அது தடக்குப்படாமல் வந்தது. அதற்குத் தேவையான சொற்கள் எல்லாம் நான் தொட்டியடியில் படித்தவைதானே.

"மடாம், நான் போகவில்லை. நான் கோப்பை கழுவினேன். படம் தொட்டிக்கு மேலே இருந்தது. என்னிடம் விசா இல்லை. அவளுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை."

அபி கையிலிருந்த மட்டை மெல்லக் கீழே இறங்கியது. மடாம் லூசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முன்வரிசையிலிருந்து கௌரியின் குரல் வந்தது. அவளுக்கு ஆங்கிலம் இப்போது தண்ணீர் பட்ட பாடு, பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது.

"பிள்ளை, அப்பா என்ன சொல்லுறார்? மடாம் ஏன் அழுறமாதிரி நிக்கிறா?"

அபி என்னைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். மட்டையை மறுபடி உயர்த்திப் பிடித்தாள்.

"அங்க சரியான காத்தாம் அம்மா. மூண்டு அம்புக்குறிக் காத்தாம். அப்பா இறங்கித் தள்ளினவராம்."

6

திரும்பி வரும்போது மழையும் பனியும் கலந்து கொட்டியது. வைப்பர் போட்டுக்கொண்டு மெதுவாக ஓடினேன். பின்சீற்றில் அபி மட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் கௌரி கமெராவை உறைக்குள் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று நான் கண்ணாடியில் அபியைப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே?"

"சொல்லும்."

"நீங்கள் அந்தக் காத்துக்குள்ளயும் சைக்கிள் தள்ளிப்போட்டு வந்து, களைப்போட இருந்து, உள்ளதை உள்ளபடி எனக்கு எழுதினியள். நான்தான் உங்களுக்குப் பொய் எழுதிப்போட்டன்."

"என்ன பொய்?"

"எனக்கு வீணை வாசிக்கத் தெரியாதப்பா. எங்கட வீட்டில வீணையே இருக்கேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பழகிறது மதிலால கேக்கும். மாப்பிள்ளை பிரான்சில, எனக்கும் ஏதாவது தெரிஞ்சமாதிரி இருக்கட்டும் எண்டு எழுதினது. இண்டைக்கு உங்களை அந்தப் பலகைக்கு முன்னால பாக்கேக்க நெஞ்சுக்குள்ள குத்திச்சுது."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். சொல்லுவதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாழ்நாளில் வாய்க்கப்போவதில்லை. நான் தொண்டையைச் செருமினேன். பிறகு நான் சொன்னதை எழுதவே கை கூசுகிறது.

"பரவாயில்லை கௌரி. மன்னிச்சிட்டன். ஆனால் இனிமேல் எனக்குப் பொய் சொல்லாதையும்."

பின்சீற்றிலிருந்து என் முதுகில் ஓர் உதை விழுந்தது.

7

அன்றிலிருந்து கௌரி என்னை நடத்துகிற விதம் தாங்க முடியவில்லை. ஒடியல் கூழ் காய்ச்சுகிறாள். நண்டில் பெரிய காலை என் கோப்பையில் போடுகிறாள். போன கிழமை எங்கள் கலியாண நாள். கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு புதுச் சைக்கிளைக் காட்டினாள். பதினெட்டுக் கியர். "காத்துக்கு நல்லதாம்" என்றாள். வருகிற கோடைக்கு மூன்று பேருமாகப் பிரான்சுக்குப் போய், மூராவிலிருந்து சலேர் வரை நான் போன வழியைப் பார்க்கவேண்டுமாம். டிக்கெட் விசாரித்தும் ஆயிற்று.

அபியின் அறைக்கதவு இப்போது அநேகமாகத் திறந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தால் வந்தால் நேரே என்னிடம்தான் வருகிறாள். எட்டுப் பேர் ஓர் அறையில் எப்படிப் படுத்தீர்கள், பொலிஸ் வந்தால் எங்கே ஒளித்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை. சைக்கிள் ஓடிய அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டவளுக்குக் கோப்பை கழுவிய அப்பாவிடம் கேட்டு முடியவில்லை. நேற்று மட்டும் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள்.

"அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும் அப்பா. நான் ஒருக்காத்தான் அப்படி ட்ரான்ஸ்லேட் பண்ணுவன்."

நான் முயன்றுதான் பார்த்தேன். நண்டுக்காலைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன், முடியவில்லை. அவளோடு எனக்கு உண்மையாகப் பேச வந்தது எப்போதும் தபாலில்தான் என்று எழுத ஆசைப்படுகிறேன், அதுவும் பொய். தபாலில்தான் முழுப்பொய்யும் போனது.

ஆகவே மச்சாள், தொடக்கத்தில் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். கத்தரிக்கோலை எடுங்கள். வெட்டி, நாலாக மடித்து, வழமைபோல வான்தபாலில் அனுப்பிவிடுங்கள். பிஸ்கட் தகரத்தில் இடம் இருக்கிறது. இது முப்பத்திரண்டாவது.

கௌரி, அது காற்றில்லை, மலை. நான் அதில் ஏறவேயில்லை. அன்றைக்குக் காருக்குள் நான் பெரிய மனுசன் மாதிரி உமக்குத் தந்த மன்னிப்பு இன்னும் பத்திரமாக இருந்தால், அதைத் திருப்பித் தாரும். எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.